வாயில் வராத அலகு

வைவாவில் எக்ஸாமினர் கேள்வி கேட்கும்போது லேப் அசிஸ்டென்ட் வாயைத் திறக்கக் கூடாது. இராஜபாளையத்தில் ஒரு பெண்கள் கல்லூரியின் பிசிக்ஸ் லேபில் சேர்ந்த அன்றே இதைச் சொல்லிவிட்டார்கள். முப்பது வருட சர்வீஸில் ஒரே ஒரு முறைதான் மீறினேன். எண்பதுகளின் கடைசியில் நடந்தது அது.

அப்போது எங்கள் காயில்களைச் சுற்றித் தர ஹென்றி என்பவர் வருவார். மில் மோட்டார்களுக்கு வைண்டிங் செய்வதுதான் அவர் பிழைப்பு. எங்கள் வேலையில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. ஆனாலும் சொன்ன நாளுக்கு முன்பே வந்து நிற்பார். எதற்கென்று எனக்குத் தெரியும். எனக்கும் அவரை ரொம்பப் பிடிக்கும்.

காயிலின் இண்டக்டன்ஸை அளக்கும் அலகும் ஹென்றிதான். ஒரு விஞ்ஞானியின் குடும்பப் பெயர். அமெரிக்காவில் அந்தப் பெயரில் ஊர்கூட இருக்கிறது என்று ஒருநாள் அவரைக் கேலி செய்தேன்.

"ஊரு எனக்கு எதுக்கு? ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒங்க வீட்டு வாசப்படி ஏற விட்டாப் போதும்" என்றார்.

எங்கள் வீடோ ஆண்டாள் கோயில் கைங்கரிய வீடு. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டேன். அதற்குப் பிறகும் இரண்டு வருடம் வந்து பார்த்தார். அப்பாவிடம் பேச எனக்குத் துணிச்சல் வரவில்லை. கடைசியில் அவருக்கு அவர்கள் சர்ச் சபையிலேயே பெண் பார்த்து முடித்தார்கள். பெண், எங்கள் மூன்றாம் வருட மாணவி ஸ்டெல்லா.

கல்யாணமான அடுத்த மாதம் பிராக்டிகல் பரீட்சை. வெளியூர் எக்ஸாமினர் அவளிடம் இண்டக்டன்ஸின் அலகைக் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மறுபடி கேட்டார். மேஜைமேல் விரலால் 'எச்' என்று எழுதிக் காட்டினாள். வாயால் சொல்லாவிட்டால் பாஸ் கிடையாது என்று அவர் பேனாவைத் திறந்தார். இது போனால் டிகிரி போச்சு, அவள் ஆசைப்பட்ட டீச்சர் வேலையும் போச்சு. கண்ணில் நீர் முட்ட என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அவிய பேரு..." என்றாள்.

"ஹென்றி, சார்" என்றேன். "அவ வீட்டுக்காரர் பேரும் அதுதான். கட்டினவ எப்படிச் சொல்லுவா?"

எக்ஸாமினர் சிரித்துக்கொண்டே மார்க் போட்டார்.

லேப் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: பதில் வரவில்லை என்பதால் தெரியாது என்று முடிவுகட்டாதீர்கள். நானும் ரிட்டையராகும்வரை வருடா வருடம் அந்த அலகை வாய் நிறையச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு தடவையாவது, சொல்ல முடியாமல் ஸ்டெல்லா மாதிரி தலைகுனிந்து நிற்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.