பூரானுக்கு வாங்கிய கோழிகள்

அப்பா கோழி வளர்க்கப் போவதாகச் சொன்னபோது வீட்டில் யாரும் நம்பவில்லை. நாங்கள் சைவம். பிறந்தநாளுக்குக் கேக் வாங்கப் போனால், முட்டை சேர்த்ததா என்று கடைக்காரரிடம் மூன்று விதமாகக் கேட்டு, அவர் சொல்லும் பதிலையும் நம்பாமல் மைசூர்பாகு வாங்கி வருகிற சைவம். கோழியைச் சாலையில் குறுக்கே ஓடும் ஒன்றாக மட்டுமே எங்களுக்குத் தெரியும்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், மேலகரத்தில் எங்கள் வீடு. அடுத்த வீடு அத்தையுடையது. அப்பாவின் அக்கா. பிள்ளைகள் பெங்களூரில் இருக்க, இங்கே தனியாக இருந்துகொண்டு கோயிலுக்கு விளக்குத்திரி திரித்துக் கொடுப்பாள். சொந்தத்தில் ஒருவர் ரயில் நிலையத்தில் ஆம்லெட் சாப்பிட்டதாகக் கேள்விப்பட்டு, அவரோடு அரை வருடம் பேசாமல் இருந்தவள். ஆம்லெட் சாப்பிட்டது வேறொருவர் என்று தெரிந்த பிறகும் இன்னும் கொஞ்ச நாள் பேசவில்லை.

அதனால் அப்பா கோழிக்கு ஒரு காரணம் தயாரித்துக்கொண்டார். பூரான். சாரல் காலத்தில் எங்கள் பக்கம் பூரான் வருவது உண்மைதான். போன வருடம் குளியலறையில் ஒன்று வந்து அப்பா துண்டோடு வெளியே ஓடி வந்ததும் உண்மை. கோழி பூரானைக் கொத்தித் தின்றுவிடும் என்று மதில் மேல் கையை ஊன்றி அத்தைக்கு விளக்கினார். பூரானுக்குக் கடையில் மருந்து கிடைக்கிறதே என்று அத்தை கேட்டாள். பிள்ளை நடமாடுகிற இடத்தில் மருந்து போடக்கூடாது என்று அப்பா என்னைக் காட்டினார். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கீழே கிடப்பதை எடுத்துத் தின்னக்கூடிய பிள்ளை என்று தோன்றியிருக்க வேண்டும், சம்மதித்துவிட்டாள். சத்தம் கேட்கக் கூடாது, மதிலுக்கு இந்தப் பக்கம் வரக் கூடாது என்று இரண்டு நிபந்தனை மட்டும் போட்டாள்.

அன்றிலிருந்து அப்பா அலுவலகம் விட்டு வந்ததும் கைபேசியில் கோழி வீடியோக்களாகப் பார்த்தார். ஒருவர் கருங்கோழிதான் கோழி என்பார். அடுத்தவர் கருங்கோழி வாங்கி ஏமாந்த கதையைச் சொல்வார். வெள்ளைக்கோழி நல்ல கோழிதான், ஆனால் பார்த்த உடனே முட்டைக்கடை ஞாபகம் வருகிறது என்று அப்பா தள்ளிவிட்டார். கருங்கோழி ராத்திரியில் எங்கே நிற்கிறது என்று தெரியாது என்று அம்மா பயந்தாள். அம்மா அந்த நாட்களில் எதையும் அதிகம் பேசமாட்டாள். எப்போதும் படுத்தே இருந்தாள். சாரல் குளிருக்குப் படுத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

செய்தி செங்கோட்டைக்குப் போய் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. அடிக்கடி புனலூர் போய் வருகிறவர் என்பதால் எல்லாப் பொருளிலும் மலையாளத்துப் பொருள்தான் உசத்தி என்பது அவருடைய கட்சி. ஒரு குட்டியானை வண்டியில் கம்பிக்கூடு ஒன்றை ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். நான்கு கால், சரிவான தரை, தண்ணீருக்குக் குழாய், முன்னால் ஒரு நீளமான தொட்டி.

“அத்தான், அடிபொளி கூடு. கோழி உள்ளயே நிக்கும். முட்டை தானா உருண்டு முன்னால வந்துரும். நீங்க குனியக்கூட வேண்டாம்” என்றார் மாமா.

அப்பா அந்தச் சரிவான தரையை ஆசையோடு தடவிப் பார்த்தார். மதிலுக்கு மேலே அத்தையின் தலை தெரிந்தது. உடனே கையை எடுத்துக்கொண்டு, கூட்டுக்குள்ளேயே நின்றால் கோழி எப்படிப் பூரான் பிடிக்கும் என்று மாமாவிடம் உரத்த குரலில் கேட்டார். மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கோழி எதற்காகப் பூரான் பிடிக்க வேண்டும் என்று அவரும் கேட்டார். அம்மா அவரைச் சாப்பிடக் கூப்பிட்டு உள்ளே அழைத்துப் போனாள். கூடு வெளியிலேயே கிடந்தது. நான்கு பக்கமும் கம்பி. எங்கள் ஊர்ச் சாரல் மேலிருந்து விழுவதைவிடப் பக்கவாட்டில் வருவதுதான் அதிகம். கோழி அதில் நின்றால் இரண்டே நாளில் ஜன்னி கண்டுவிடும் என்று அப்பா சமாதானம் சொல்லிக்கொண்டார். குற்றாலத்துக் குரங்கு ஒன்று வந்து அதன் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து பார்த்துவிட்டு, பிடிக்காமல் போய்விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு சுரண்டைப் பக்கம் ஒரு பண்ணைக்குப் போனார். பண்ணைக்காரர் கையில் தீவனச் சட்டியோடு வந்தார்.

“கறிக்கா, முட்டைக்கா, சண்டைக்கா?”

“பூரானுக்கு” என்றார் அப்பா.

பண்ணைக்காரர் சட்டியைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, அடக்கமான, சத்தம் போடாத, மதில் தாண்டாத கோழி வேண்டும் என்று அப்பா சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். அப்படி ஒரு கோழி இன்னும் பிறக்கவில்லை என்றார். கடைசியில் அப்பா தேர்ந்தெடுத்தது சிறுவிடை. நாட்டுக்கோழியில் சின்ன ரகம். ஒரு கைக்குள் அடங்கிவிடும்போல இருந்ததுதான் காரணம். சிறுவிடை நன்றாகப் பறக்கும், கொஞ்சம் கவனம் வேண்டும் என்று பண்ணைக்காரர் எச்சரித்தார். கோழி எங்கே பறக்கப் போகிறது என்று அப்பா சிரித்துவிட்டார். விடிகாலையில் கூவும் என்பதால் சேவல் வேண்டாம், பெட்டையே மூன்று போதும் என்றவர், அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் காதோடு காதாக ஏதோ கேட்டார். பண்ணைக்காரருக்கு ரகசியம் பேசும் பழக்கம் இல்லை.

“அதெல்லாம் சேவல் இல்லாமலே போடும் அண்ணாச்சி.”

“என்னப்பா போடும்?” என்று கேட்டேன்.

“சத்தம்” என்றார் அப்பா.

மூன்று கோழிகளும் எங்கள் பழைய டிவி ஸ்டாண்டில் குடியேறின. தடித்த டிவி போய்ச் சுவரில் மாட்டுகிற டிவி வந்த பிறகு கண்ணாடிக் கதவோடு சும்மா கிடந்த ஸ்டாண்ட் அது. அப்பா அதன் முதுகில் துளைகள் போட்டு, வைக்கோல் பரப்பி, சாரல் அடிக்காத பின்பக்கத் தாழ்வாரத்தில் வைத்தார். பகலில் திறந்துவிடுவோம். இரவில் உள்ளே தள்ளிக் கண்ணாடியைச் சாத்துவோம். பள்ளிக்கூடத் தோழிகள் டிவியில் தொடர் பார்க்கும் நேரத்தில் நான் ஸ்டாண்டில் கோழி பார்த்தேன். மூன்றும் எங்களைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்திருக்கும். செய்தி வாசிக்கப் போவதுபோலவே இருக்கும்.

பூரான் தின்றன. அதில் குறை சொல்ல முடியாது. மண்புழு, கரப்பான், அம்மாவின் கறிவேப்பிலைக் கன்று, எல்லாவற்றையும் தின்றன. ஆனால் அப்பாவுக்கு மட்டும் திருப்தி இல்லை. காலையில் எழுந்ததும் டிவி ஸ்டாண்டின் முன்னால் மண்டியிட்டு, வைக்கோலை இரண்டு கையாலும் துழாவுவார். எதையாவது தொலைத்துவிட்டாரா என்று கேட்டால் பதில் வராது. எழுந்து அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். அம்மா போய்ப் படுத்துக்கொள்வாள். முற்பகலில் சில நாள் மதிலுக்கு அந்தப் பக்கம் கொக்கரிக்கிற சத்தம் வரும். அத்தை கோயிலுக்குப் போயிருக்கிற நேரம் அது. பூரானைக் கண்டு கத்துதுபோல என்று அம்மா திரும்பிப் படுப்பாள்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் அப்பா பண்ணைக்காரருக்குப் போன் போட்டார். அவர் குரல் எனக்கே கேட்டது.

“அண்ணாச்சி, இன்னும் ஒண்ணையும் காணுமே.”

“பூரான் திங்குதா?”

“திங்குது.”

“பெறகென்ன?”

 அப்பா போனை வைத்துவிட்டு வாசலில் போய் நின்றார்.

வெளிச்சமான இடத்தில், அதுவும் கண்ணாடிக்குப் பின்னால், நாட்டுக்கோழி லேசில் முட்டையிடாது. இருட்டான மூலை தேடும். அத்தையின் பின்கட்டில் மாடு இல்லாத தொழு ஒன்று இருந்தது. அதற்குள் மூடி உடைந்த பெரிய ஓலைப்பெட்டி ஒன்று. ஆடி மாதத்துத் திரிக்கென்று அத்தை வாங்கிப் போட்ட பஞ்சு அதில் நிறைய இருந்தது. ஒரு கோழிக்கு வேறென்ன வேண்டும்? மூன்று கோழிகளும் பறந்து மதில் தாண்டி, ஒன்றன்பின் ஒன்றாக அங்கே போய் உட்கார்ந்து எழுந்து வந்திருக்கின்றன.

ஆடி வெள்ளிக்கிழமை காலையில் அத்தை குளித்து, ஈரத்தலையில் துண்டு சுற்றிக்கொண்டு, பஞ்சு எடுக்கக் கையை உள்ளே விட்டாள்.

நாங்கள் கேட்டது ஒரு சத்தம்தான். கொஞ்ச நேரத்தில் அத்தை பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்தாள். நடுக்கூடத்தில் இறக்கினாள். பஞ்சுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு முட்டைகள், யாரோ பார்சல் அனுப்பியதுபோலப் பத்திரமாக இருந்தன. அப்பா முகம் ஒரு நொடி மலர்ந்ததை நான் பார்த்தேன். பிறகு அத்தையைப் பார்த்து அது வாடிப்போனது.

“ஏ தம்பி, பூரான் இவ்வளவு பெருசாவா முட்டை போடுது?”

அப்பா பஞ்சை இழுத்து முட்டைகளை மூடப் பார்த்தார்.

“சொல்லுலே. யாருக்கு இது?”

அப்போது உள்ளேயிருந்து அம்மா ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. அத்தை அந்தப் பக்கம் திரும்பினாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

“எங்கிட்ட ஏம்லே சொல்லல?” அத்தையின் குரல் தணிந்திருந்தது.

“இந்தத் தடவையாவது நிக்கணும்லாக்கா. நின்ன பெறகு சொல்லலாம்னுதான்...”

எது நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. மழையைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அது மூன்று நாளாக நிற்காமல்தான் பெய்துகொண்டிருந்தது.

அத்தை அடுக்களைக்குப் போனாள். என்னைக் கடைக்கு அனுப்பினார்கள். பெரிய சண்டை நடக்கும், வந்து மிச்சத்தைப் பார்க்கலாம் என்று ஓடிப்போய் ஓடிவந்தேன். ஒன்றும் இல்லை. அத்தையும் இல்லை, பெட்டியும் இல்லை. சாயங்காலம் கோழிகளும் இல்லை. மூன்றும் இனி அத்தையின் தொழுவில்தான் இருக்கும் என்று அப்பா சொன்னார். காலியான டிவி ஸ்டாண்டின் முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

அதன் பிறகு அம்மா தினமும் காலையில் அத்தை வீட்டுக்குப் போய்வர ஆரம்பித்தாள். வரும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வருவாள். எதற்குப் போகிறாய் என்றால் சொல்லமாட்டாள். ஒரு நாள் பின்னாலேயே போய்த் தொழுக் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

மூன்று செங்கல் வைத்த அடுப்பில் ஒரு நெளிந்த அலுமினியச் சட்டி. அத்தை முந்தானையால் மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, கைகளைத் தள்ளி நீட்டி முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். அம்மா ஒரு சாக்கின் மேல் கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் கண்ணீர்.

“முழுங்கு. நெனைக்காத, முழுங்கிரு” என்றாள் அத்தை.

“முடியல மதினி.”

“முடியணும்.”

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மதில் தாண்டி வந்த கோழிக்குத் தண்டனை. கோழி போட்ட முட்டையை எல்லாம் தின்று தீர்க்க வேண்டும். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவில் நின்றேன்.

“அத்தை, அம்மாவ விட்டுருங்க. கோழி வாங்குனது அப்பாதான். அப்பாவத் திங்கச் சொல்லுங்க.”

அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. மஞ்சள் கருவெல்லாம் சிந்த, இருமிக்கொண்டே சிரித்தாள். அத்தை மூக்குக் கட்டை அவிழ்க்காமல் சுவரைப் பார்த்தபடி நின்றாள். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து எனக்குப் பாவமாகிவிட்டது.

எனக்கும் தம்பிக்கும் இடையில் இரண்டு முறை அம்மாவுக்குக் கரு நிற்காமல் போயிருந்தது என்பதும், ரத்தம் போதாது, முட்டை சாப்பிட்டே ஆக வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதும், எந்தக் கடையில் வாங்கினாலும் அத்தை காதுக்குப் போய்விடும் என்று அப்பா பயந்ததும் பின்னாளில் தெரிந்தவை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அம்மா வாய் கொப்பளித்துவிட்டு வீட்டுக்குப் போனதும் அத்தை கிணற்றடிக்கு வந்தாள். சாரல் சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. கட்டிய சேலையோடு, நடுங்கிக்கொண்டே, வாளி வாளியாக இறைத்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். பிறகு உடை மாற்றிக் கோயிலுக்குக் கிளம்பினாள். தம்பி பிறக்கும்வரை தினமும் அப்படித்தான். மழை பெய்கிறபோதே ஒருவர் எதற்குத் தண்ணீர் இறைத்துக் குளிக்க வேண்டும், சும்மா வெளியே நின்றால் போதாதா என்று நான் தாழ்வாரத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பேன்.