ஓடை நடுவே தூக்கிய கை

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இது. தீபாவளி முடிந்து எங்கள் பட்டாசுக் கம்பெனிக்கு லீவு விட்டிருந்த நேரம். சிவகாசிப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும், ஊர் உலகமெல்லாம் தீபாவளி அன்று கொண்டாடும். நாங்கள் தீபாவளி முடிந்த பிறகுதான் மூச்சே விடுவோம். அந்த லீவில் எங்கள் கம்பெனிப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு வேன் பிடித்து, இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைத்துவிட்டு வருவது வழக்கம். அந்த வருஷம் மட்டும் நான் அடம்பிடித்து வேனை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, செண்பகத்தோப்புக் காட்டுக்குத் திருப்பினேன். சாம்பல் நிற மலை அணில்களுக்காகச் சரணாலயம் ஆக்கிப் பாதுகாக்கிற மலையடிவாரம் அது. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வடகம் காயப்போடும்போது அந்த மலை நீலமாகத் தெரியும். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், ஒரு நாளும் உள்ளே போனதில்லை.

அடம்பிடித்ததற்குக் காரணம் என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் தங்கை, என்னோடு அதே கம்பெனியில் வெடிமருந்து கையாளுகிற மருந்து ரூமில் வேலை பார்த்தவள். அந்த வருஷம் கோடையில் பக்கத்து ரூமில் வெடிவிபத்து நடந்தது. இவள் உடம்பில் ஒரு கீறல் கிடையாது. ஆனால் அந்த ரூமில் இருந்தவர்களில் இவளுடைய கூட்டாளியும் ஒருத்தி. ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டவர்கள். அந்தப் பிள்ளை வீடு திரும்பவில்லை.

அதன் பிறகு இவள் வேலைக்குப் போகவில்லை. குக்கர் விசில் அடித்தால் கொல்லைக்கு ஓடுவாள். தட்டு கீழே விழுந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். எங்கள் ஊரில் இருந்துகொண்டு சத்தத்துக்குப் பயந்தால் எங்கே போய் வாழ்வது? கல்யாணமா, வெடி. சடங்கா, வெடி. எழவு வீட்டுக்கும் வெடி. போதாததற்குக் கம்பெனிக்காரர்கள் மாதிரிக்கு வெடித்துப் பார்ப்பது வேறு. தீபாவளியன்று காதில் பஞ்சை வைத்து, மேலே துண்டைக் கட்டிக்கொண்டு, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்த எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. கொட்டும் வெடியுமாக இருக்கிற கோயிலுக்கு அவளை எப்படிக் கூட்டிப் போவது? விட்டுவிட்டுப் போகவும் மனசு வரவில்லை.

"காடா? சாமி இல்லாத இடத்துக்கு வேன் எதுக்குடி?" என்று எங்களில் மூத்த அக்கா சண்டைக்கு வந்தார். அவர் வாய்க்குக் கம்பெனி மேனேஜரே ஒதுங்கிப் போவார்.

"அங்கனயும் காட்டுக்குள்ள பேச்சியம்மன் இருக்காக்கா" என்றேன். அதன் பிறகுதான் அடங்கினார்.

வனத்துறை செக்போஸ்டில் எங்கள் பைகளைச் சோதித்தார்கள். பிளாஸ்டிக் பைகளை எடுத்துக்கொண்டார்கள். "தீப்பெட்டி, பட்டாசு எதும் வச்சிருக்கீகளா?" என்று ஒருவர் கேட்டதும் எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஒரு நாளாச்சும் அத விட்டுட்டு இருப்போம்னுதானய்யா இங்கன வந்திருக்கோம்" என்றார் மூத்த அக்கா.

என் நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. அங்கே இருந்த போர்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். தீ மூட்டக் கூடாது, பட்டாசு வெடிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது என்று வரிசையாக எழுதியிருந்தது. எங்களோடு வழிகாட்டியாக வந்த வனக் காவலரிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, உள்ள எங்கனயுமே வெடிக்க மாட்டாகளா?"

"எங்கனயும் இல்ல தாயி. நாலு மலை தாண்டிப் போனாலும் கெடையாது."

அவள் துப்பட்டாவைக் காதிலிருந்து இறக்கிவிட்டாள். வேனில் ஏறியதிலிருந்து அப்படித்தான் இறுக்கிச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் மருந்து ரூமிலும் அதே மாதிரி போர்டு உண்டு. போர்டில் இல்லாத பழக்கங்களும் உண்டு. கையில் இருப்பதைப் போடக்கூடாது, வைக்க வேண்டும். என்ன அவசரமானாலும் ஓடக்கூடாது. தரையில் மருந்து சிந்திவிட்டால், அதை முதலில் பார்த்தவள் வாயைத் திறக்காமல் கையைத் தூக்குவாள். கை தூக்கியதைப் பார்த்ததும் எல்லோரும் நின்ற இடத்தில் நின்றுவிட வேண்டும். ஒரு கால் தரையில் உரசினாலும் போச்சு. ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, தூக்கிய கை இறங்குகிற வரைக்கும் ஒருத்தியும் அசையமாட்டாள். வேலைக்குச் சேர்ந்த அன்றே இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுப்பார்கள். காடு பார்க்கப் போன கதையில் இதை எதற்குச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், வருகிறேன்.

மழை விட்ட மறுநாள் என்பதால் காடு கழுவிவிட்ட மாதிரி இருந்தது. உள்ளே நடக்க நடக்க எங்கள் பேச்சு தானாகக் குறைந்தது. மரங்களின் உச்சி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, வெயில் காசு காசாகத் தரையில் விழுந்தது. திடீரென்று காவலர் மேலே காட்டினார். சாம்பல் நிறத்தில், உடம்பைவிட நீளமான வாலோடு ஒன்று கிளையில் படுத்து எங்களை எட்டிப் பார்த்தது.

"ஏ ஆத்தீ, அணில்னு சொன்னாக, பூனை கணக்கால்ல இருக்கு!" என்றார் மூத்த அக்கா.

அது எங்களைப் பார்த்தது போதும் என்று நினைத்ததோ என்னவோ, ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குத் தாவியது. நடுவில் எம்புட்டு தூரம்! வாலை விரித்துக்கொண்டு அந்தரத்தில் அது போனபோது எங்கள் எல்லோருக்கும் மூச்சு நின்று வந்தது. கிளை லேசாக ஆடியது, அவ்வளவுதான். எனக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது. வருஷம் பூராவும் வானத்தில் ஏறிப் போகிற சாமான்களைச் செய்கிறவர்கள் நாங்கள். எல்லாம் சத்தத்தோடுதான் போகும். இப்படி ஒன்று வானத்தில் போய் நான் பார்த்ததில்லை.

நாத்தனார் அண்ணாந்து பார்த்தபடியே நடந்தாள். இரண்டு தடவை வேர் தடுக்கி, இரண்டு தடவையும் தானே சிரித்துக்கொண்டாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனை மாதமாயிற்று! பேச்சியம்மனைக் கும்பிட்டபோது வேறு எதுவும் நான் வேண்டவில்லை. இது போதும் தாயே என்றுதான் சொன்னேன்.

மத்தியானம் ஓடைக்கரைப் பாறைகளில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். காவலர் சற்றுத் தள்ளி, பின்தங்கி வந்துகொண்டிருந்த இரண்டு பேரைக் கூட்டிவரப் போயிருந்தார். நாத்தனார் தூக்குவாளியைக் கழுவ ஓடைக்குள் இறங்கினாள். முழங்கால் அளவுதான் தண்ணீர். கழுவிக்கொண்டே ஓடையின் நடுப்பகுதிவரை போய்விட்டாள். நான் மிச்சச் சோற்றை வழித்து மூடிக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்து பார்த்தபோது எதிர்க்கரையில் யானை நின்றது.

வந்ததை நான் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. ஒரு குச்சி ஒடியவில்லை. ஒரு நொடி முன்னால் மூங்கில் புதர், மறுநொடி அங்கே ஒரு யானை. அதன் முன்னங்கால்களுக்கு நடுவில் ஒரு குட்டி. கோயில் யானையைப் பார்த்துக் காசு கொடுத்து ஆசீர்வாதம் வாங்கியிருக்கிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது நின்றதும் எதிர்க்கரை முழுக்க அதனுடைய வீடாகிவிட்டது, நாங்கள் கேட்காமல் உள்ளே நுழைந்த ஆட்களாகிவிட்டோம்.

யானைக்கும் என் நாத்தனாருக்கும் நடுவில் பாதி ஓடைத் தண்ணீர்தான். யானை தும்பிக்கையைத் தூக்கி அவள் பக்கம் மோப்பம் பிடித்தது. காதுகள் விரிந்து நின்றன. குக்கர் விசிலுக்கு ஓடுகிறவள், இப்போது அலறிக்கொண்டு ஓடப்போகிறாள், ஓடினால் முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது. பேர் சொல்லிக் கத்த வாயைத் திறந்துவிட்டேன்.

அப்போதுதான் அவள் கையைத் தூக்கினாள்.

திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையைத் தலைக்கு மேலே, உள்ளங்கை எங்கள் பக்கம் தெரிய, மருந்து ரூமில் தூக்குகிற அதே மாதிரி தூக்கினாள். என் வாய் தானாக மூடிக்கொண்டது. என்னைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். எழுந்துகொண்டிருந்தவள் பாதி எழுந்தபடி, சோற்றை வாயில் வைத்தவள் மெல்லாதபடி. ஊர் வாயெல்லாம் தன் வாயில் வைத்திருக்கும் மூத்த அக்கா மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. நாத்தனார் வலது கையில் இருந்த தூக்குவாளியை மெல்ல, மெல்லத் தண்ணீருக்குள் இறக்கி, பாறையில் முட்டாமல் அடியில் வைத்தாள். போடவில்லை, வைத்தாள்.

யானை ஓர் அடி முன்னால் வந்தது. பிறகு இன்னோர் அடி. அவள் அசையவில்லை. தூக்கிய கையும் அசையவில்லை. அதன் வயிற்றுக்குள் ஏதோ உருளுகிற மாதிரி ஒரு முனகல், காதில் கேட்டதைவிட நான் உட்கார்ந்திருந்த பாறையில்தான் அதிகம் அதிர்ந்தது. மண்ணும் பச்சைத் தழையும் கலந்த வாசனை வந்தது. குட்டிக்குப் பொறுமை இல்லை. தாயின் காலுக்கு அடியிலிருந்து நழுவி வந்து, தண்ணீரில் சறுக்கி உட்கார்ந்து, தும்பிக்கையை என்ன செய்வதென்று தெரியாமல் வாயை நேராகத் தண்ணீரில் வைத்துக் குடித்தது. தாய் அதைப் பார்த்தது. அப்புறம் அவளைப் பார்த்தது. விரிந்த காதுகள் மெல்ல விசிற ஆரம்பித்தன. பிறகு அதுவும் குடித்தது.

எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பயமெல்லாம் எப்போது போனதென்றும் தெரியாது. என் பிள்ளைகள், கடன், வேலை எதுவும் ஞாபகத்தில் இல்லை. அந்த உயிர் தண்ணீர் குடிப்பதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்கிறதே என்ற ஒரு நினைப்புதான். குடித்து முடித்ததும் குட்டியைத் தும்பிக்கையால் முன்னால் தள்ளிக்கொண்டு மூங்கிலுக்குள் போனது. போன சத்தமும் கேட்கவில்லை.

மூங்கில் ஆடுவது நின்ற பிறகும் கொஞ்ச நேரம் வைத்திருந்துதான் நாத்தனார் கையை இறக்கினாள். அப்புறம்தான் நாங்கள் அசைந்தோம். ஓடை வளைவில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்த காவலர் வேகமாக வந்தார். முகமெல்லாம் வேர்வை.

"குட்டியோட இருக்கிற யானைக்கு முன்னால ஒருத்தர் கத்தியிருந்தா இன்னைக்கு வேற கதைதான். எம்புட்டோ கூட்டத்தக் கூட்டியாந்திருக்கேன், இப்பிடி யாரும் நின்னு பாத்ததில்ல. எங்கன படிச்சீக இத?"

மெல்லாமல் வைத்திருந்த சோற்றை விழுங்கிவிட்டு மூத்த அக்கா சொன்னார்: "மருந்து ரூம்லய்யா."

நான் தண்ணீருக்குள் ஓடிப்போய் நாத்தனாரைக் கட்டிக்கொண்டேன். விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், ஓடைக்கு நடுவில் நின்று தேம்பித் தேம்பி அழுதாள். நான் தடுக்கவில்லை. அழுது முடித்துவிட்டுச் சொன்னாள்:

"மதினி, பெருசுன்னா சத்தமாத்தான் இருக்கும்னு நெனச்சிருந்தேன். அம்புட்டுப் பெரிய உசுரு, சத்தமே இல்லாம வந்து சத்தமே இல்லாம போயிருச்சே."

அவள் மறுபடி மருந்து ரூமுக்கு வரவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. ஒரு தையல் கடையில் வேலை பார்க்கிறாள். வெடிச் சத்தம் கேட்டால் இன்னமும் முகம் சுண்டிவிடும். ஆனால் ஓடி ஒளிவதில்லை. மாடிக்குப் போய் மேற்கே பார்த்துக்கொண்டு நிற்பாள், சத்தம் ஓய்ந்ததும் இறங்கி வருவாள். அவளைக் கைப்பிடித்துக் கூட்டிப் போவதாக நினைத்துத்தான் நான் அந்த வேனில் ஏறினேன். எங்கள் அத்தனை பேரையும் பத்திரமாக வீட்டுக்குக் கூட்டி வந்தது அவள் கை.

நான் இன்னமும் அதே மருந்து ரூமில்தான் இருக்கிறேன். யாராவது கையைத் தூக்கினால் முன்பெல்லாம் அந்த வெடிவிபத்துதான் ஞாபகம் வரும். இப்போதும் வரத்தான் செய்கிறது. ஆனால் கூடவே, எதிர்க்கரையில் ஒரு குட்டி தண்ணீர் குடிக்கிறது, அது குடித்து முடிக்கிறவரை நாம் அசையக்கூடாது என்றும் தோன்றுகிறது.