அவரைக்கொடி இடமாகச் சுற்றும்

முதலில் என்னைக் கைவிட்டது நாக்குதான். பண்டாரவளை ரயிலடியிலிருந்து மாட்டு வண்டியில் அன்றுதான் துணிமூட்டை வந்திருந்தது. பதுளைக் கடைவீதியில் என் ஜவுளிக்கடையில், பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குச் சேலை விரித்துக்கொண்டிருந்தேன். விலை சொல்ல வாயைத் திறந்தேன், சொல் வரவில்லை. பிறகு வலது கை தொங்கிவிட்டது.

பாரிசவாதம் (உடம்பின் ஒரு பக்கம் செயலற்றுப் போவது) என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மனைவி சிவகாமியிடம், "பேச்சு வரும்மா, மெதுவாத்தான் வரும். புத்தி தெளிவா இருக்கு" என்றார். அவளுக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது. நம்பியது நான் மட்டும்தான்.

வீட்டில் ஜன்னலோரம் கட்டில் போட்டார்கள். வெளியே ஒரு குச்சியில் அவரைக்கொடி. வேறு வேலையில்லாமல் அதையே பார்த்துக் கிடந்தேன். சிவகாமி உலை வைக்கும்போது அதன் நுனி கிணற்றுப் பக்கம் நீண்டிருக்கும். குழம்பு இறக்குவதற்குள் ஒரு வட்டம் போட்டு அங்கேயே வந்துவிடும். குச்சி தட்டுப்பட்டால் சுற்றிக்கொள்ளும். குச்சி எப்போதும் அதற்கு இடப்பக்கம்தான். பக்கத்து வீட்டு வேலி அவரையும் அப்படித்தான் சுற்றியிருந்தது.

ஒருநாள் சிவகாமியும் அதைக் கவனித்துவிட்டாள். கோயிலை வலமாகச் சுற்றுகிறோம். இடமாகச் சுற்றுவது பிணத்தை. நோயாளியின் ஜன்னலில் இப்படியொரு சுற்றா என்று பதறிப்போய், கொடியைப் பிரித்து வலமாகச் சுற்றிவிட்டாள். மறுநாள் அது நழுவித் தன் வழிக்கே திரும்பியிருந்தது. மறுபடி சுற்றி, வாழைநாரால் இறுக்கிக் கட்டினாள்.

விடு, அதன் குணமே அதுதான் என்று சொல்லத் துடித்தேன். உறுமல்தான் வந்தது. அவள் என் கடைவாயைத் துடைத்துவிட்டாள்.

கட்டுக்கு மேலே நுனி வாடிச் சாய்ந்த அன்று என் தம்பி வந்திருந்தான். "அண்ணன் இனி எந்திரிக்கிறது கஷ்டம் மதினி. கடைச் சாவியக் குடுங்க, நான் பாத்துக்கிறேன்." பல தடவை கேட்டும் கொடுக்காதவள், வாடிய கொடியைப் பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துக் கொடுத்தாள். என் கண்ணெதிரே. பேச முடியாதவனுக்குக் காதும் கேட்காது என்று வீட்டார் எப்படியோ முடிவுகட்டி விடுகிறார்கள்.

டாக்டர் சொன்னபடியே மெல்ல மெல்லப் பேச்சு திரும்பியது, காலும் ஊன்றினேன். முழுதாக வந்த முதல் பேச்சு இதுதான்: "எல்லா அவரையும் இடமாத்தான் சுத்தும்."

சிவகாமி ஜன்னல் வழியே பக்கத்து வீட்டு வேலியைப் பார்த்தாள். பிறகு அழுதாள். "இத அப்பவே சொல்லியிருக்கக் கூடாதாங்க?"

எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

சாவி திரும்பி வரவில்லை. "நீங்க ஓய்வா இருங்கண்ணே" என்கிறான் தம்பி. சேலை வாங்க வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுகிறேன். இந்த நோய் கண்டவர் உங்கள் வீட்டில் இருந்தால், எதையும் அவர் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். பதில் வர நேரமாகும். காத்திருங்கள்.

வலது கை இன்னும் பாதிதான் எனக்குச் சொந்தம். சட்டைப் பொத்தானை அது தேடிப் பிடிப்பதற்குள் உலை கொதித்துவிடுகிறது. சிவகாமி உதவிக்கு வருகிறாள். "விடு" என்கிறேன். இப்போது அந்தச் சொல் வருகிறது.