நூறு ரூபாய்க்கு ஒரு புள்ளி

வாடிக்கையாளருக்குப் புள்ளி கொடுப்பது சுலபம்; அதையெல்லாம் சேர்த்துக்கொண்டு அவர் திரும்பி வரும்போதுதான் கடைக்காரனுக்கு வேர்க்கும். ஜவுளிக்கடையில் காலையிலிருந்து இரவு வரை நின்றே சம்பளம் வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் முழங்கால்களுக்கு முதலில் என் வணக்கம். தொண்ணூறுகளில் திருநெல்வேலி டவுனில் ஒரு கடையில் நானும் உங்களைப் போல நின்றவன்தான். பாவாடைத் துணிப் பகுதியில் பதினோரு வருஷம்.

உட்காரும் உத்தியோகம்

எங்கள் கடைக்கு எதிரே ஒரு புதுக்கடை வந்தது. கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. அந்தச் சமயத்தில் பம்பாயிலிருந்து வந்த முதலாளியின் மருமகன், அங்கேயெல்லாம் வாங்குகிற தொகைக்குப் புள்ளி கொடுக்கிறார்கள், புள்ளி சேர்ந்தால் பொருள் தருகிறார்கள் என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டார். நான் எட்டாவதோடு நின்றவன். ஆனால் பழைய புத்தகக்கடையில் வாங்கிய வணிகக் கணிதப் புத்தகத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படித்துக்கொண்டிருப்பேன் என்பது அவருக்குத் தெரியும். "வாங்குதவனுக்கு அள்ளிக் குடுத்த மாதிரி இருக்கணும், நம்ம கையவிட்டு ஒண்ணும் போயிருக்கக் கூடாது. அப்படி ஒரு கணக்குப் போடும் வே" என்றார்.

மூன்று நாள் உட்கார்ந்து போட்டேன். நூறு ரூபாய்க்கு ஒரு புள்ளி. பத்துப் புள்ளிக்கு எவர்சில்வர் டம்ளர், நாற்பதுக்குத் தூக்குச்சட்டி, முந்நூற்றுக்கு ஐம்பது பேருக்குச் சோறு பொங்குகிற அண்டா. எதை எடுத்தாலும் நூற்றுக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் எங்களுக்குப் போகாது. அட்டையில் புள்ளி எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும் என்பதால் பில் மேசைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். நரம்பு சுருண்டுபோன கால்களை நீட்டி நான் கண்ணை மூடிய நிமிஷத்தில் முதலாளி வந்து நின்றார்.

"ரொம்ப நீட்டாதீரும். கணக்கு தப்பிச்சுன்னா மறுபடியும் பாவாடைப் பக்கம் போயி நிக்கணும்."

சேர்த்துப் போடும் பில்

நூற்றுக்கு மேல் உள்ள சில்லறைக்குப் புள்ளி கிடையாது. நூற்றறுபதுக்கு வாங்கினாலும் ஒன்றுதான். அந்த அறுபதுகளில்தான் டம்ளர் வாங்கிய காசு எங்களுக்குத் திரும்பி வந்துவிடும் என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். சனங்கள் பத்தே நாளில் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பில் போட நிற்கும் வரிசையில் முன்பின் தெரியாதவர்கள், "உங்களுக்கு எம்புட்டு வருது?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் பாளையங்கோட்டை வாத்தியார் ஒருவர் நூற்றறுபதோடும், நாங்குநேரி வாழைக்காய் வியாபாரி ஒருவர் இருநூற்று நாற்பதோடும் நின்றார்கள். தனித்தனியாகப் போட்டால் இரண்டு பேருக்கும் சேர்த்து மூன்று புள்ளி. ஒரே பில்லாகப் போட்டால் நான்கு. போட்டாயிற்று. கூடுதலாக வந்த ஒரு புள்ளி யாருக்கு என்பதில் அரைமணி நேரம் வாக்குவாதம். வாத்தியார் கரும்பலகை கேட்காததுதான் குறை. கடைசியில் இந்தத் தடவை இவருக்கு, அடுத்த தடவை அவருக்கு என்று முடிவாகி, இரண்டு பேரும் சேர்ந்து காப்பி குடிக்கப் போனார்கள். அடுத்த மாதம் சம்பந்தகாரர்களைப் போலச் சேர்ந்தே வந்தார்கள். வியாபாரி என்னிடம் பெருமையாகச் சொன்னார்:

"சார்வாள் என்னைக்கு வாராகளோ அன்னைக்குத்தான் இனி நானும் துணி எடுப்பேன். வீட்டுலயும் சொல்லிட்டேன்."

மஞ்சள் பை

என் மனைவி இப்போது இல்லை. இருந்தால் இந்தத் துணுக்கை எழுத விட்டிருக்க மாட்டாள். கடை ஊழியர் வீட்டுக்கும் புள்ளி உண்டு என்று முதலாளியிடம் கெஞ்சி வாங்கி, அவள் பெயரில் முதல் அட்டையை எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துப் பார்க்கிறேன், அட்டையில் ஒரு புள்ளிகூட இல்லை. கொடியில் புது ரவிக்கைத் துணி காய்கிறது. எதிர்க்கடைச் சரக்கு! அங்கே எதை வாங்கினாலும் ஒரு மஞ்சள் பை கொடுத்தார்கள்.

என் கணக்கை முதலிலிருந்து விளக்கினேன். பை ஒன்று ஒன்றரை ரூபாய்கூடப் பெறாது, புள்ளியின் மதிப்பு அதைவிட அதிகம் என்று தாளில் போட்டுக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கடைசிவரை கேட்டாள்.

"எல்லாம் சரிதான். உங்க புள்ளியில கத்தரிக்காய் போட்டுத் தூக்கிட்டு வர முடியுமா?"

கூறைப்பட்டு

கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க இரண்டு வீட்டாரும் சேர்ந்து வந்தார்கள். பில் பதினாலாயிரம். நூற்று நாற்பது புள்ளி. அட்டை யார் பெயரில் என்று நான் கேட்டிருக்கக் கூடாது. காசு கொடுத்தது நாங்கள் என்றது மாப்பிள்ளை வீடு. கடையைக் காட்டிக் கூட்டி வந்ததே நாங்கள் என்றது பெண் வீடு. பெண்ணின் தாய்மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். மாப்பிள்ளையின் அம்மா, "பட்டைத் திருப்பிக் குடுங்க, வேற கடை பாப்போம்" என்றார். முதலாளி கல்லாவிலிருந்து என் நாற்காலியை ஒரு பார்வை பார்த்தார்.

மணமக்கள் இருவர் பெயரிலும் எழுதலாமே என்று சமாதானம் சொன்னேன். இன்னும் தாலியே ஏறவில்லை, அதற்குள் ஒரே அட்டையா என்று இரண்டு பக்கமும் சேர்ந்து என்மேல் பாய்ந்தார்கள். அவர்கள் ஒற்றுமையாக இருந்தது அந்த ஒரு விஷயத்தில்தான். அதுவரை தலையைத் தூக்காமல் இருந்த மணப்பெண் எழுந்து மேசைக்கு வந்தாள்.

"எம் பேரை எழுதுங்க அண்ணாச்சி. சேலை கட்டுதது நாந்தான?"

எழுதினேன். திருப்பிக் கொடுக்கச் சொன்ன பட்டை மாமியாரே மடித்துப் பையில் வைத்தார்.

ஆறு மாத ஆயுள்

இரண்டாவது வருஷம் டம்ளர்கள் போகிற வேகத்தைப் பார்த்து முதலாளிக்குத் தூக்கம் போயிற்று. நூறு ரூபாய் என்பதை நூற்றைம்பது ஆக்கினால் ஊரே ஏசும். அதனால் நான் வேறு வழி சொன்னேன்: புள்ளிக்கு ஆறு மாதம்தான் ஆயுள். அடிக்கடி துணி எடுக்கிற உத்தியோகக்காரர்களுக்கு நஷ்டமில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கிறவர்களின் புள்ளி மட்டும் சத்தமில்லாமல் செத்துப்போகும். மலைமேல் தேயிலை பறித்துத் தீபாவளி போனஸுக்கு மட்டும் துணி எடுக்கிறவர்களை மனதில் வைத்தே அந்த ஆறு மாதத்தைக் கண்டுபிடித்தேன். அது என் புத்தகத்தில் இல்லாத கணக்கு. தை மாதம் அறிவிப்புப் பலகை மாட்டினோம். முதலாளி என் நாற்காலிக்கு ஒரு மெத்தை வாங்கிப் போட்டார்.

அந்தத் தீபாவளிக்கு மாஞ்சோலையிலிருந்து செல்லத்தாய் என்ற அம்மா வந்தார். பக்கத்துப் பக்கத்து வீடுகளாக எட்டுக் குடும்பங்கள், எல்லோரும் துணி எடுத்து மூன்று தீபாவளியாக அவர் அட்டை ஒன்றிலேயே புள்ளி ஏற்றியிருந்தார்கள். அன்றைய நூற்றெட்டோடு சேர்த்து முந்நூற்றெட்டு. "அண்டாவை இறக்குங்க அண்ணாச்சி. ஒரு விசேஷம்னா கல்லிடைக்குறிச்சியில வாடகைக்கு எடுத்து மலைக்கு ஏத்துதோம். கண்டக்டர் அண்டாவுக்கும் டிக்கெட் கேக்காரு" என்றார். மற்ற ஏழு வீட்டுப் பெண்களும் அவர் பின்னால் நின்று அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி மகளுக்குத் தை மாதம் கல்யாணமாம்.

நான் பலகையைக் காட்டினேன். பழைய இருநூறு புள்ளியும் செத்துப்போயிற்று, இந்த நூற்றெட்டுக்கு இரண்டு தூக்குச்சட்டியும் இரண்டு டம்ளரும் தருகிறேன் என்றேன். அந்த அம்மா கத்தவில்லை. பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வருசத்துக்கு ஒருக்காத்தான் மலைய விட்டு இறங்குதோம். சித்திரையில செத்திருந்தா ஒரு கடுதாசி போடக் கூடாதா? துட்டி கேக்கவாவது வந்திருப்போம்லா."

வரிசை முழுக்கச் சிரித்தது. என்னால் முடியவில்லை. முதலாளி கல்லாவிலிருந்து, "என்ன வே அங்கன சத்தம்?" என்று கேட்டார். விஷயம் சொல்லப்பட்டது. தீபாவளிக் கூட்டம் அவர் முகத்தையே பார்த்தது. அவர் இரண்டு கையையும் விரித்து, "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. சட்டம் போட்டது அவருதான். வே, பாத்துச் செய்யும்" என்றார்.

பார்த்துச் செய்தேன். ஸ்டூலில் ஏறி அண்டாவை நானே இறக்கினேன். எட்டுப் பேரும் ஆளுக்கு ஒரு கை பிடித்து, எடுத்த துணியையெல்லாம் அதற்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். முதலாளி வாசல்வரை வந்து சிரித்த முகமாக வழியனுப்பினார்.

மறுநாள் காலையில் மெத்தையோடு இருந்த நாற்காலியில் முதலாளியின் கொழுந்தியாள் மகன் உட்கார்ந்திருந்தான். நான் பாவாடைத் துணிகளின் நடுவே போய் நின்றேன். மத்தியானம் முதலாளி அந்தப் பக்கம் வந்தார். அண்டா விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளட்டும் என்று நானே ஆரம்பித்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"அண்டாவுக்காக இல்ல வே. நான் 'பாத்துச் செய்யும்'னா என்ன அர்த்தம்னு இத்தன வருசத்துல உமக்குத் தெரியலையே, அதுக்குத்தான்."

நூறு ரூபாய்க்கு எத்தனை புள்ளி என்பதைப் புத்தகம் பார்த்துப் படித்துக்கொண்டேன். முதலாளி சொல்வதில் நூற்றுக்கு எத்தனை அவர் நினைப்பது என்ற விகிதம்தான் எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.