பிடித்ததற்கு ஒரு மீன்

முப்பது கிலோ மீன் நிறைந்த அலுமினியச் சருவத்தை ஒருவர் தனியாகத் தலையில் ஏற்ற முடியாது. தனியாக இறக்கவும் முடியாது. எதிரே ஒருவர் நின்று விளிம்பைப் பிடிக்க வேண்டும். குளத்தூர் கடற்கரையிலிருந்து உள்நாட்டு ஊர்களுக்கு இருபத்தாறு வருடம் மீன் சுமந்த பிரான்சிஸ்கா, அந்த வருடங்களில் எதையும்விட அதிகமாகச் சொன்னது "ஒரு கை பிடி" என்பதைத்தான்.

பிடிப்பவருக்கு மீன் உண்டு. அயிலை என்றால் ஒன்று, சாளை என்றால் ஐந்தாறு. விலை பேசத் தொடங்கும் முன்பே அதை எடுத்துத் தனியே வைத்துவிடுவாள்.

அவள் போன இடங்களில் கடைசி பாறவிளை. தார் ரோட்டிலிருந்து இறங்கி, கால்வாய்மேல் போட்ட கான்கிரீட் சிலாப்பைக் கடந்து, ரப்பர் மரங்களுக்கு நடுவே ஏற வேண்டும். பதினொரு வீடுகள். முன்பு மரச்சீனிக் கிழங்கும் வாழையும் நின்ற நிலம் முழுக்க ரப்பர் ஆகிவிட்டது. ரப்பரைத் தின்ன முடியாது என்று அங்குள்ளவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அடுத்த கன்றை நடுவார்கள். ரோட்டோரம் கடை வைத்திருந்த மோகனன், மகளோடு இருக்க நெய்யாற்றின்கரைக்குப் போனான். அதற்குப் பிறகு உப்பு வாங்க இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். ரேஷன் கடை அதற்கும் அப்பால். பிரான்சிஸ்கா தோளில் ஒரு பையும் மாட்டிக்கொண்டு போகத் தொடங்கினாள். உள்ளி, வற்றல் மிளகாய், புளி, தீப்பெட்டி. யாரும் அவளிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஒருநாள் ஒருத்தி புளி கேட்டாள், அவ்வளவுதான்.

பாறவிளையில் முதல் வீடு அம்மிணியுடையது. சிலாப்பிலிருந்து நாற்பதடி மேலே. கணவன் பொன்னப்பன் இறந்து வெகுநாளாயிற்று. மகள் பிரசீதா பாலராமபுரத்தில் ஒரு வாடகை அறையில் மூன்று பிள்ளைகளோடு இருந்தாள். அம்மிணி பஞ்சாயத்தின் தொழிலுறப்பு என்னும் நூறுநாள் வேலைக்குப் போனாள். உடம்பு ஒத்துக்கொள்ளாதபோது போகவில்லை. முதலில் மீன் வாங்கினாள். பிறகு வாங்குவது குறைந்தது, நின்றது. பிடிப்பது மட்டும் நிற்கவில்லை. பிரான்சிஸ்காவின் குரல் ரோட்டில் கேட்டதும் இறங்கி வந்து சிலாப்பின் மறுமுனையில் நிற்பாள். சருவத்தை இறக்குவாள், தன் மீனை எடுத்துக்கொள்வாள், மறுபடி ஏற்றிவிடுவாள்.

ஒருமுறை அம்மிணியின் மணிக்கட்டு பிசகியிருந்தது. அடுத்த வீட்டு ஆனந்தபாய்தான் சுமையை இறக்கினாள். பிரான்சிஸ்கா இருவருக்கும் அயிலை எடுத்து நீட்டினாள்.

"நான் இன்னைக்குப் பிடிக்கல்லல்லோ" என்றாள் அம்மிணி.

"கை சரியில்லாததுனாலதானே அக்கா."

"கைதானே பிடிக்கும். பின்ன நாக்கா பிடிக்கும்?"

"அக்காளுக்க நாக்குக்கு நாலாள் பலம் உண்டு" என்றாள் ஆனந்தபாய். "அதை வச்சுப் பிடியும்."

மூவரும் சிரித்தார்கள். மீனை அம்மிணி வாங்கவில்லை. கட்டு அவிழும்வரை எட்டு நாள் அவள் வீட்டில் மீன் இல்லை.

பிறகு பிரான்சிஸ்காவின் முழங்கால் முட்டு வீங்கியது. தேய்ந்துவிட்டது, தலைச்சுமை கூடாது என்றார் டாக்டர். மகன் ஷைஜு ஒரு பெட்டி ஆட்டோ வாங்கினான். ஐஸ் பெட்டி, தராசு, ஒலிபெருக்கி எல்லாம் வைத்தான்.

"அம்மா, இனி நீ இருந்தாக்கும் விக்கணும். ராணி மாதிரி."

"ராணி மீன் விக்குமாலே?"

"நீ வித்தா விக்கும்."

சுமை இறங்கியதில் அவளுக்கு வருத்தமில்லை. இப்போதும் இல்லை. தலை நிமிர்ந்து போகும்போது ரோட்டின் இருபுறமும் என்னென்ன இருக்கின்றன என்று பார்த்தாள்.

ஆட்டோ தார் ரோட்டில் மட்டும் போகும். பாறவிளைக்குக் கீழே நின்று ஹாரன் அடிப்பான் ஷைஜு. இளையவர்கள் பைக்கில் இறங்கி வந்தார்கள். மூன்றாம் நாள் அம்மிணியும் வந்தாள். கூட்டத்துக்குப் பின்னால் நின்று வண்டியைப் பார்த்தாள். பெட்டி இடுப்புயரத்தில் இருந்தது. ஏற்றவும் இறக்கவும் எதுவுமில்லை. அவள் கைகள் இரண்டும் சும்மா தொங்கின.

பிரான்சிஸ்கா கொஞ்சம் சாளையை ஒரு கவரில் போட்டு நீட்டினாள்.

"இந்தா அக்கா."

"இது எதுக்குள்ளது?"

சும்மா என்றால் வாங்கமாட்டாள் என்று பிரான்சிஸ்காவுக்குத் தெரியும். வாயில் வந்ததைச் சொன்னாள்.

"அந்தோணியாருக்க பேர்ல உள்ளதாக்கும். வாங்கும்."

அவளைப் பொறுத்தவரை அதைவிட நல்ல சொல் இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் அவர்கள் கோயிலில் அந்தோணியார் பெயரால் ரொட்டி கொடுப்பார்கள். இல்லாதவர்கள் வரிசையில் நின்று வாங்குவார்கள். கடற்கரை முழுக்கத் தெரிந்த விஷயம். பாறவிளைக்கும் தெரியும்.

மீன் வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மிணி கவரை வாங்கி, ஒரு கணம் வைத்திருந்து, ஆட்டோவின் பலகைமேல் வைத்தாள்.

"பிள்ளே, அம்மிணி வரிசையில நிக்க வரல்லன்னு உங்க அந்தோணியார்கிட்ட சொல்லு."

சிலாப்பைத் தாண்டி ஏறிப் போனாள். கூப்பிட வேண்டும் என்று பிரான்சிஸ்காவுக்குத் தோன்றியது. அதற்குள் ஒருவன் தராசைக் காட்டி ஏதோ கேட்டான். நாளைக்கு வருவாள் என்று நினைத்தாள்.

வரவில்லை. இரண்டு வருடம் போயிற்று.

இந்த வருடம் மழை விட்ட பிறகு, ஆட்டோவில் மீன் வாங்க வந்த ஆனந்தபாயிடம் கேட்டாள்.

"அம்மிணியக்கா எப்படி இருக்கா?"

"இறங்க முடியாது. தலை கறங்குது. ஆஸ்பத்திரியிலேருந்து ஆஷா வொர்க்கர் வந்து பாத்துட்டு, ரத்தம் இல்லன்னு எழுதிட்டுப் போனா. மீன் தின்னணுமாம், முட்டை தின்னணுமாம்."

"இப்ப என்ன தின்னுகா?"

"கஞ்சி. ரேஷன் அரிசி நான் எடுத்துட்டு வருவேன். தொட்டுக்க உப்பும் முளகும்."

"நீ ஒரு துண்டு மீன் கொடுக்கக்கூடாதா?"

"கொடுக்காமலா இருப்பேன்? கொடுத்தா கேக்கா, இது எதுக்குள்ளதுன்னு. அரிசி அவளுக்க கார்டுல உள்ளது, அதனால வாங்குகா."

பிரான்சிஸ்கா அரைக் கிலோ அயிலை கொடுத்தனுப்பினாள். மறுநாள் ஆனந்தபாய் சொன்னாள். "நாங்க வச்சுத் தின்னோம். அவ வாங்கல்ல. யாரு பிடிச்சதுக்குன்னு கேட்டா."

அன்று வீட்டுக்கு வந்ததும் பிரான்சிஸ்கா பழைய சருவத்தைத் தேடினாள். அதில் கோழிக்குத் தண்ணீர் வைத்திருந்தார்கள். தேய்த்துக் கழுவினாள்.

"முட்டு போனா உன்ன நான் சுமக்க மாட்டேன், பாத்துக்க" என்றான் ஷைஜு, மறுநாள் பாறவிளைக்குக் கீழே ஆட்டோவை நிறுத்தி.

"நீ சுமக்காண்டாம் மக்கா. தலையில வச்சு விடு."

நான்கு கிலோ சாளை போட்டிருந்தாள். அதற்குமேல் முட்டு தாங்காது. தேக்கிலையால் மூடியிருந்ததால் எவ்வளவு இருக்கிறதென்று பார்த்துச் சொல்ல முடியாது. சிலாப்பைக் கடந்தாள். நாற்பதடியில் மூன்றுமுறை நின்றாள். முற்றத்தில் போய்க் குரல் கொடுத்தாள்.

"அக்கா, ஒரு கை பிடியும்."

அம்மிணி சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். மெலிந்து பாதியாகியிருந்தாள். முண்டின் நுனியை இடுப்பில் செருகினாள். இரு கையாலும் விளிம்பைப் பிடித்தாள். இருவரும் ஒன்றாகக் குனிந்தார்கள். பாதி வழியில் அம்மிணியின் கைகள் நின்றன. சருவம் அவர்களுக்கு நடுவே இருந்தது. அதை லேசாக மேலே தூக்கினாள், தாழ்த்தினாள்.

"பிள்ளே."

"என்னக்கா."

"இதுக்கு ஆள் வேண்டாமே."

பிரான்சிஸ்கா மூடியிருந்த இலையைப் பார்த்தாள்.

"நாலு கிலோ வருமா?"

"நாலுதான்."

தரையில் வைத்தார்கள். அம்மிணி இலையை விலக்கிப் பார்த்தாள். விடியற்காலை வலையில் வந்த சாளை. கண் தெளிந்திருந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எச்சில் விழுங்குவதைப் பிரான்சிஸ்கா கண்டாள். பிறகு ஒரே ஒரு மீனை எடுத்தாள். ரொம்பச் சிறியதும் அல்ல, பெரியதும் அல்ல.

"இந்தக் கனத்துக்கு இது மதி, போதும்."

"அக்கா, அன்னைக்கு நான் அந்தோணியாருன்னு சொன்னது..."

"அவரு என்ன செய்தாரு, பாவம்" என்றாள் அம்மிணி. "வா, ஏத்தித் தாறேன்."

ஏற்றிவிட்டாள். சும்மாட்டின்மேல் சருவம் சரியாக உட்கார்ந்ததா என்று அசைத்தும் பார்த்தாள். "கனத்தோட வா பிள்ளே. பிடிக்கேன்."

அந்த மேட்டில் ஏறியதால் பிரான்சிஸ்கா முட்டு வலியோடு ஒன்பது நாள் படுத்துக் கிடந்தாள். பத்தாம் நாள் பதினைந்து கிலோ போட்டாள். ஷைஜு தூக்கி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கால்வாய்வரை போய்விட்டாள். சிலாப்பில் ஏற ஒரு படி உண்டு. இருபத்தாறு வருடமும் அது படி என்று அவளுக்குத் தோன்றியதில்லை. அன்று வலது காலைத் தூக்கினாள், மடங்கவில்லை. இடது காலைத் தூக்கினாள், வலது கால் தாங்கவில்லை. சுமையோடு நின்றாள்.

"அக்கா."

மரங்களுக்கு நடுவே முற்றம் தெரிந்தது. அம்மிணி முற்றத்துக்கு வந்தாள். முண்டின் நுனியைச் செருகினாள். ஒரு ரப்பர் மரத்தைப் பிடித்து இரண்டடி இறங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"இறங்காண்டாம் அக்கா. விழுந்து போவ."

"நீ ஏறு."

"ஏறுறேன்."

இருவரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

ரப்பர்ப் பால் வாளியோடு வந்த பால்வெட்டுக்காரன் ஒருவன் பிரான்சிஸ்காவைப் பார்த்தான். வாளியைக் கீழே வைத்தான். சருவத்தைத் தலையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தான். பிரான்சிஸ்காவின் கை தானாகவே சாளை எடுத்து இலையில் வைத்து நீட்டியது.

"இது எதுக்கு அம்மச்சி?"

"நீ பிடிச்சதுக்கு."

அவன் சிரித்துக்கொண்டு வாங்கினான். "மேல கொண்டு போணுமா? நான் ஒத்தைக்குத் தூக்குவேன். ஆள் ஒண்ணும் வேண்டாம்."

அவன் குரல் மேலேவரை கேட்கும். பிரான்சிஸ்கா நிமிர்ந்து பார்த்தாள். அம்மிணி இடுப்பில் செருகிய நுனியை அவிழ்த்துவிட்டு, மரத்துக்கு மரம் பிடித்து, வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள்.