பின்னால் மாட்டிய டீசல்

வெள்ளைக்காரன் காலத்துக் கரி இன்ஜின் ஒருநாள் ஆவடி ஸ்டேஷனில் வந்து நின்றது. பயணிகளை இழுத்து ஓய்ந்து, பல வருஷம் காட்சிக்கு நின்றதாம்; இப்போது பெட்டிகளை மாட்டி மறுபடி ஓட்டுகிறார்களாம். பக்கத்துக்கு ஒன்றாக ஆளுயரச் சக்கரம், முன்னும் பின்னும் சின்னவை. கரி படிந்த வெள்ளை மீசைக்கார டிரைவர், காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையால் அச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

வழியில் நின்றுவிட்டால் தள்ள, கடைசிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு டீசல் இன்ஜினை மாட்டியிருந்தார்கள்.

"இன்னா நைனா, அது தள்ளுது, நீ ஓட்டுறேன்னு சொல்லிகினு கீறியா?" என்றேன்.

அவர் முகம் சுண்டிவிட்டது. "வண்டி கெளம்பும்போது பின்னாடி போய் டீசல மாட்டியிருக்குற கொக்கியப் பாரும்மா."

போய் நின்றேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள்தான்; ஆனால் கைவண்டி இழுத்துப் பிழைத்தவளுக்கு இழுவை தெரியும். கொக்கி விறைத்தது. டீசல்தான் இழுபட்டுப் போனது.

தூரத்தில் அவர் தலையை நீட்டிப் பார்த்தார். கும்பிட்டேன். நான் சுலபத்தில் யாரையும் கும்பிடுகிறவள் இல்லை.