யன்னலுக்குக் கீழே போட்ட தொடுப்பு

சிங்கராசாவுக்கு வயர் வேலை அறவே தெரியாது என்று சொல்ல முடியாது. அகதி முகாமில் இருந்தபோது கோயில் பூசைக்கு ஒலிபெருக்கி பூட்டியவர். திருக்கேதீஸ்வரத்துக்குப் பக்கத்தில் சொந்தக் காணிக்குத் திரும்பியபின், வயலில் கண்ணிவெடி எடுத்து முடியாததால், மன்னார் பட்டினத்தில் வீட்டுத்திட்டக் கந்தோர் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்தார். அந்தக் கந்தோரின் முதல் பட்டியலிலேயே அவருக்கும் ஒரு வீடு கிடைத்திருந்தது.

2011 ஐப்பசியில், முன் விறாந்தையில் இருந்த இணைய மோடத்தைக் கணினிகள் இருந்த பின்னறைக்கு மாற்ற வேண்டும் என்றார் பொறுப்பாளர் பெற்றிசியா.

"ரெலிபோன்காரரைக் கூப்பிட்டா ரெண்டு கிழமை செல்லும்."

"எதுக்கு மிஸ்? ஒரு வயர்தானே. நான் இழுத்துத் தாறன்."

அளவைப் பிழையாக எடுத்துவிட்டார். வாங்கி வந்த வயர் இரண்டு முழம் போதவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சாமான் அறையில் கிடந்த பழைய துண்டொன்றை எடுத்து, இழைகளை முறுக்கித் தொடுத்து, கறுப்பு ரேப் சுற்றினார். அந்தத் தொடுப்பு யன்னலுக்குக் கீழே, வெளிச்சுவரில் அமைந்தது. மோடத்தின் விளக்கு மினுங்கி நிலைத்தபோது, விபரங்கள் பதியும் றாபியா கைதட்டினாள்.

மூன்று கிழமை ஒரு குறையும் இல்லை. பிறகு மழை தொடங்கியது.

முசலிப் பக்கத்தில் பதினான்கு குடும்பங்கள், போரில் இடம்பெயர்ந்து இருபது வருடங்களுக்குப் பின் புத்தளத்திலிருந்து திரும்பி வந்து தகரக் கொட்டில்களில் இருந்தன. அவர்களின் வீட்டு விண்ணப்பப் படிவங்களை நண்பகலுக்கு முன் கொழும்புக்கு அனுப்ப வேண்டிய நாளில் இணையம் அறுந்து அறுந்து போனது. றாபியா பஸாரில் இருந்த இன்ரநெற் கடைக்கு நனைந்துகொண்டு ஓடினாள். அதற்குள் நேரம் கடந்துவிட்டது.

"கடைசி நாள்வரைக்கும் வச்சிருந்ததென்ன?" என்றார் பெற்றிசியா.

"காலமை தொடக்கம் அனுப்பிப் பாத்தனான் மிஸ். லைன் விட்டு விட்டுப் போகுது."

"மூண்டு கிழமையா ஒழுங்கா இருந்த லைன் இண்டைக்கு மட்டும் போகுதோ?"

சிங்கராசா தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றார். யன்னல் பக்கம் ஒருதரம் பார்த்தார், தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். அன்றைக்கே றாபியாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கப்பட்டது.

மறுநாள் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் அவர் ரேப்பைப் பிரித்தார். செம்பு பச்சை பிடித்திருந்தது. தொட்டதும் ஓர் இழை முறிந்தது. ஒருவரும் காணாமல், ஒரே நீளத்தில் புது வயர் இழுத்துவிட்டார். திரும்பி வந்த பெற்றிசியா மோடத்தைப் பார்த்தார்.

"பாத்தீரே றாபியா, லைனில ஒரு பிழையுமில்லை."

றாபியா அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான்தான் எதையோ பிழையா அமத்திப்போட்டன் போல," என்றாள்.

வயரை மாற்றியதுதான் அவளைப் பொய்க்காரி ஆக்கியது என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அதன்பிறகு அவளுடைய மேசையில் கோப்பையை வைக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. ஒவ்வொரு காலையும் சொல்லிவிடுவது என்று வருவார். சொல்லாமலே வீட்டுக்குப் போவார்.

ஒன்பதாம் நாள் முசலியிலிருந்து ஜவாஹிர் என்ற முதியவர் குடையோடு வந்து, பட்டியலில் தங்கள் பெயர்கள் ஏன் இல்லை என்று கேட்டார்.

"என்ர பிழை மாமா," என்றாள் றாபியா.

"அவவின்ர பிழையில்லை," என்றார் சிங்கராசா. தன் குரல் தனக்கே பெரிதாகக் கேட்டது. இரண்டு முழக் குறையிலிருந்து திருட்டுத்தனமாக வயர் மாற்றியதுவரை, பெற்றிசியாவும் கேட்க, நின்றபடியே சொன்னார்.

ஜவாஹிர் குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார். "தம்பி, உமக்கு வீடு கிடைச்சிட்டுதோ?"

"ஓம் ஐயா."

"மழைக்கு ஒழுக்கில்லையே?"

"இல்லை."

"நல்லம்," என்று சொல்லிவிட்டுக் கிழவர் குடையை எடுத்துக்கொண்டு போனார். ஏசியிருந்தால் சிங்கராசா தாங்கியிருப்பார்.

பெற்றிசியா எச்சரிக்கைக் கடிதத்தைக் கிழித்தார். றாபியாவிடம் மன்னிப்பும் கேட்டார். முசலிக் குடும்பங்களுக்கு அடுத்த சுற்றில்தான் வீடு என்று கொழும்பிலிருந்து பதில் வந்தது. அந்த மாரியில் ஞாயிறுகளில் சிங்கராசா தாரும் ஆணியும் கொண்டு முசலிக்குப் போய்த் தகரக் கூரைகளை அடைத்துக் கொடுத்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"அண்டைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணை," என்றாள் றாபியா ஒருநாள். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. முன்போல் அவரோடு சிரித்துப் பேசவுமில்லை.

அடுத்த வருட ஆடியில் புதுப் பட்டியல் வந்தது. பதினான்கு குடும்பங்களும் இருந்தன. பெற்றிசியா பெயர்களை வாசிக்கத் தொடங்கியதும் சிங்கராசா தேத்தண்ணி போடும் குசினிக்குள் போய் நின்றுகொண்டார்.